ஈய உருக்காலையின் துணைப்பொருள்களைப் பாதுகாப்பாகவும் இழப்பின்றியும் பதப்படுத்தும் முறை

ஈயத்தை உருக்கிச் சுத்திகரிக்கும் ஆலையில் உலோகக் கட்டிகளைத் தவிர நான்கு பொருள்கள் நாள்தோறும் சேர்கின்றன. சுத்திகரிப்புக் கெட்டில்களில், அதாவது ஈயத்தை உருக்கி வைக்கும் பெரிய கொப்பரைகளில், மேற்பரப்பில் படரும் டிராஸ் என்ற அசுத்த ஏடு, உலையிலிருந்து வடியும் ஸ்லாக் என்ற கசடு, புகையைத் துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டரில் பிடிபடும் தூசி, பழைய பேட்டரிகளை உடைக்கும்போது கிடைக்கும் பேஸ்ட் என்ற ஈயச் சேர்மப் பசை ஆகியவையே அவை. இவற்றைக் கழிவு என்று கருதி ஒரே மூலையில் குவிக்கும் ஆலையில், விற்றிருக்க வேண்டிய ஈயம் காற்றிலும் தரையிலும் கலந்துபோகிறது; அதே ஈயம் தொழிலாளியின் மூச்சு வழியாகவும் கை வழியாகவும் அவர் இரத்தத்தைச் சென்றடைகிறது. ஆகவே உற்பத்திக்கு ஒரு திட்டம், பாதுகாப்புக்கு வேறொரு திட்டம் என்று பிரிக்காமல், இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யும் வழியையே இங்கு விளக்குகிறேன்.

பிரித்து வைத்தலும் ஈரமும்

முதல் வேலை, ஒவ்வொரு பொருளையும் அது பிறக்கும் இடத்திலேயே தனித் தொட்டியில் எடுத்து, மூடி போட்டு, எந்தக் கெட்டிலிலிருந்து எந்த நாளில் எடுத்தது என்று எழுதி ஒட்டுவதாகும். ஈயம், ஆன்டிமணி, ஆர்செனிக், தாமிரம், கந்தகம், குளோரைடு ஆகியவற்றின் அளவை ஆய்வகத்தில் அறிந்த பிறகே அவற்றை உலைக்கு அனுப்ப வேண்டும். கலந்துவிட்ட குவியலுக்குச் சரியான சேர்மானக் கணக்குப் போடவே முடியாது.

ஈரம் பற்றிய விதி எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டரி பேஸ்ட் காய்ந்தால் மாவாகப் பறக்கும். அதனால் சேமிப்பில் அது ஈரமாகவே இருக்க வேண்டும். ஆனால் உருகிய ஈயத்துக்குள் ஈரமான எதுவும் போகக் கூடாது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுவதால், உலோகத்தின் அடியில் சிக்கிய சிறிதளவு நீர்கூடக் கெட்டிலில் உள்ளதை வெளியே வீசி எறிந்துவிடும். கட்டி வார்க்கும் அச்சுகள், கரண்டிகள், கிளறும் கம்பிகள் ஆகியவற்றையும் சூடாக்கி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, கால்சியம், அலுமினியம், மக்னீசியம், துத்தநாகம் போன்றவை கலந்த டிராஸ் இருக்கிறது. இதில் ஆர்செனிக்கும் இருந்து, மழைநீரோ பேட்டரி அமிலமோ பட்டுவிட்டால், ஆர்சின் என்ற நிறமற்ற வாயு உருவாகும். ஆன்டிமணி இருந்தால் ஸ்டிபின் என்ற இன்னொரு நச்சு வாயு உருவாகும். ஆர்சின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் கொடிய நஞ்சு. அதை மூச்சில் இழுத்தவருக்கு உடனே எதுவும் தோன்றாமல், சில மணி நேரம் கழித்தே தலைவலி, வாந்தி, செம்பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை வரும். பூண்டு போன்ற மணம் இருக்கும் என்பார்கள். ஆனால் அந்த மணம் தெரிவதற்கு முன்பே ஆபத்தான அளவு சேர்ந்துவிடலாம் என்பதால் மூக்கை நம்பக் கூடாது. இத்தகைய டிராஸைக் கூரைக்குக் கீழே, உயர்த்திய தரையில், முற்றிலும் உலர்ந்த நிலையில், காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். தூசி அடங்கட்டும் என்று அதன்மேல் தண்ணீர் தெளிப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

பேஸ்டிலிருந்து கந்தகத்தை நீக்குதல்

பேஸ்டின் பெரும்பகுதி ஈய சல்பேட். மீதி ஈய ஆக்சைடுகளும் சிறிது உலோக ஈயமும் ஆகும். இதை அப்படியே உலையில் இட்டால், ஒரு டன் ஈய சல்பேட்டிலுள்ள கந்தகம் முழுவதும் எரியும்பட்சத்தில் சுமார் 211 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு வெளியேறும். அதை உலைக்குள்ளேயே பிடிக்க இரும்பைச் சேர்த்தால் கந்தகம் இரும்பு சல்பைடாக ஸ்லாக்கில் சேர்ந்து, ஸ்லாக்கின் அளவைப் பெருக்கும். உலைக்கு முன்பே, கிளறும் தொட்டியில் பேஸ்டை நீருடன் குழம்பாக்கி, சோடியம் கார்பனேட் சேர்ப்பதே என் பார்வையில் சிறந்த முதலீடு. கணக்குப்படி ஒரு டன் ஈய சல்பேட்டுக்கு 350 கிலோ சோடியம் கார்பனேட் தேவை. ஈய கார்பனேட்டும், நீரில் கரைந்த நிலையில் சுமார் 470 கிலோ சோடியம் சல்பேட்டும் கிடைக்கும். துகள்களைச் சுற்றிக் கார்பனேட் படலம் உருவாகி வினையைத் தடுப்பதால், பேஸ்டை நன்றாக அரைத்து, சோடாவை (சோடியம் கார்பனேட்டை) சிறிது கூடுதலாக இட்டு, போதிய நேரம் கிளற வேண்டும். பிறகு ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, தெளிந்த கரைசலைப் படிகமாக்கினால் சோடியம் சல்பேட் விற்பனைப் பொருளாகிறது.

ஈய சல்பேட்டைச் சிதைக்க மிக உயர்ந்த வெப்பம் வேண்டும். ஈய கார்பனேட்டோ மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆக்சைடாக மாறிவிடும். எரிபொருள், ஸ்லாக், புகை ஆகிய மூன்றும் ஒருங்கே குறைவதற்கு இதுவே காரணம்.

உலை

ரோட்டரி உலையில் (சுழலும் உருளை உலையில்) ஆக்சைடை உலோகமாக்கக் கரியும், எஞ்சிய கந்தகத்தைப் பிடிக்க இரும்புச் சீவலும், ஸ்லாக்கை இளக்கச் சோடாவும் சேர்க்கப்படுகின்றன. கந்தகம் நீக்கப்படாத ஒரு டன் ஈய சல்பேட்டுக்கு 184 கிலோ இரும்பு கணக்குப்படி தேவை. நீக்கப்பட்டிருந்தால் எஞ்சிய சல்பேட்டை அளந்து, அதற்கேற்ப இரும்பைக் குறைக்க வேண்டும். பழக்கத்தால் கூடுதலாகக் கொட்டப்படும் ஒவ்வொரு கூடை இரும்பும் ஸ்லாக்காகவே வெளிவரும், அந்த ஸ்லாக்கும் தன்னோடு கொஞ்சம் ஈயத்தை எடுத்துச் செல்லும்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதைச் சூடாக்கி வெளியே அனுப்புவதில் எரிபொருள் வீணாவதோடு, வாயுவின் வேகத்தில் தூசியும் அடித்துச் செல்லப்படுகிறது. ஆக்சிஜன் பர்னரைப் பயன்படுத்தினால் வாயுவின் அளவு வெகுவாகக் குறைந்து, ஃபில்டரின் சுமையும் குறைகிறது. உலைவாயைத் திறந்து பொருள் இடும் நேரமும், உருகிய ஈயத்தையும் ஸ்லாக்கையும் வெளியே விடும் நேரமுமே புகை அதிகம் கசியும் நேரங்கள் என்பதால், அவ்விரு இடங்களிலும் புகையை இழுத்துக்கொள்ளும் தனித்தனி உறிஞ்சு ஹூட் (மேல்கவிகை) வேண்டும். ஹூட் உண்மையில் இழுக்கிறதா என்பதைப் சிறிது புகையை வெளிவிடும் சோதனைக் குழல் கொண்டு வாரம் ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கெட்டிலும் டிராஸும்

ஈயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. 500 டிகிரியைத் தாண்டினால் ஆவியும் ஆக்சைடும் வேகமாகப் பெருகும். ஆகவே அந்தந்தச் சுத்திகரிப்புப் படிக்குத் தேவையான வெப்பத்தை மட்டும் தெர்மோகப்பிள் என்ற வெப்பமானி வைத்துப் பராமரிக்க வேண்டும். கலக்கியின் சுழியில் காற்று உள்ளே இழுக்கப்பட்டால் நல்ல ஈயமே டிராஸாகிவிடும். சுழி தோன்றாத வேகமே சரியான வேகம். வாரி எடுக்கும் டிராஸில் உலோக ஈயம் துளித்துளியாகச் சிக்கியிருப்பதால், சூடு ஆறும் முன்பே டிராஸ் பிரஸ்ஸில் அழுத்தி அதைப் பிழிந்துவிட்டால், மீண்டும் உலைக்குப் போகும் அளவு குறையும். தாமிர டிராஸையும் ஆன்டிமணி டிராஸையும் தனித்தனியாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனி உலைச் சுற்றாக உருக்கினால், ஆன்டிமணி நிறைந்த ஈயம் கலப்புலோகத்துக்கே நேராகப் பயன்படும்.

தூசியும் நீரும்

பேக் ஃபில்டரின் பாலியெஸ்டர் பைகள் சுமார் 130 டிகிரிக்கு மேல் விரைவில் சேதமடையும். வாயு மிகவும் குளிர்ந்தால் அமில ஈரம் படிந்து பைகள் அடைபடும். இவ்விரண்டுக்கும் நடுவில் வெப்பநிலையை நிறுத்த வேண்டும். பிடித்த தூசியைத் திறந்த சாக்கில் எடுக்காமல், மூடிய திருகுக் கடத்தியில் கொண்டுசென்று, உருண்டையாக்கி உலைக்குத் திருப்பலாம். ஆனால் பேட்டரியின் பி.வி.சி. தகடுகளிலிருந்து வரும் குளோரின் ஈய குளோரைடாக மாறி, 950 டிகிரியிலேயே கொதித்து, மறுபடி தூசிக்கே வந்து சேரும். தூசியை எத்தனை முறை திருப்பினாலும் குளோரைடு வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போவதால், ஒரு பகுதியைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவி, உப்பை நீரோடு நீக்க வேண்டும்.

கழுவிய நீரிலுள்ள ஈயம் பி.எச். (அமில-கார அளவு) 9 முதல் 10 வரையில் நன்றாகப் படியும். மேலும் காரம் சேர்த்தால் படிந்த ஈயம் திரும்பக் கரையத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. சோடா ஸ்லாக் ஈரத்தை இழுத்து நொறுங்கி, ஈயத்தைக் கசியவிடும்; கூரையின் கீழ், கசியாத தரையில் வைத்து, கசிவுச் சோதனைக்குப் பிறகே அகற்ற வேண்டும்.

தொழிலாளர்

செனகலின் தியாரோய் பகுதியில், பழைய பேட்டரிகளின் ஈயம் கலந்த மண்ணைச் சலித்துப் பிரித்த இடத்தைச் சுற்றி, 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயம் உடையோடும் செருப்போடும் வீட்டுக்குப் போகும் பொருள் என்பதால், ஆலையிலேயே குளியல், ஆலையிலேயே சலவை, அழுக்கு உடைக்கும் வீட்டு உடைக்கும் தனித்தனி அறை ஆகியவை தவிர்க்க முடியாதவை. துடைப்பத்தால் பெருக்குவதையும், அழுத்தக் காற்றால் உடையை ஊதுவதையும் தடைசெய்து, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வாக்குவம் கருவியைப் பயன்படுத்துங்கள். சுவாசக் கவசம் முகத்தில் கசிவின்றிப் பொருந்துகிறதா என்பதை ஒவ்வொருவருக்கும் தனியே சோதிக்க வேண்டும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1978இல் வகுத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் ஆகும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அதன் மூலத்தைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. இரத்தப் பரிசோதனை முடிவு தொழிலாளியின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். அளவு ஏறியவரை ஊதியக் குறைப்பின்றி ஈயமில்லாத வேலைக்கு மாற்றுவதே சரியான வழி. அளவைக் குறைத்துக் காட்டுவதற்காக, வேலையில் வைத்துக்கொண்டே ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுப்பது மருத்துவ அறத்துக்குப் புறம்பானது.

மாதக் கடைசியில், உள்ளே வந்த ஈயத்தின் எடையையும், கட்டி, டிராஸ், ஸ்லாக், தூசி, நீர் ஆகியவற்றில் கணக்கான ஈயத்தின் எடையையும் ஒரே தாளில் எழுதி, அதன் அருகில் பகுதிவாரியாக இரத்த ஈய அளவுகளையும் எழுதுங்கள். கணக்கில் வராத ஈயம் கூடிய அதே மாதத்தில் எந்தப் பகுதித் தொழிலாளர்களின் இரத்த அளவும் ஏறியிருக்கிறதோ, அந்தப் பகுதியின் ஹூட்டையும் குழாய் இணைப்புகளையும் முதலில் திறந்து பாருங்கள்.