ஆண் அணி வீரர்களிடம் உண்ணுதல் கோளாறு: பயிற்சியாளரும் பிசியோவும் எங்கே பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

அணியில் ஒரு பையன் இரண்டு மாதத்தில் மெலிந்து வந்தால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்வது, "இப்பத்தான் ஃபிட்டா இருக்க." மற்றவர்கள் கிளம்பிய பிறகும் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவனை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். கோளாறு மறைந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. எடையும் ஓட்டமும் கட்டுப்பாடும் வேலையின் பகுதியாகவே இருக்கும் இடத்தில், நோய்க்குறியும் ஒழுக்கமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இது ஜிம்னாஸ்ட்களுக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் மட்டும் வரும் பிரச்சினை என்ற எண்ணம் தவறு. நார்வேயின் உயர்மட்ட விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், ஆண் வீரர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு உண்ணுதல் கோளாறு இருந்தது. விளையாட்டில் இல்லாத ஆண்களிடம் அது அரை சதவீதம்தான். பந்து விளையாட்டுகளில் விகிதம் குறைவு, ஆனாலும் சுமார் 5 சதவீதம். இங்கிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் ஆல்ரவுண்டர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் தனக்குப் புலிமியா (அளவு மீறி உண்டு, பிறகு வாந்தி போன்ற வழிகளில் அதை வெளியேற்றும் கோளாறு) இருப்பதை 2020-இல் விரிவாகப் பேசினார். ஆட வந்த புதிதில் தன் எடையைப் பற்றி எழுந்த கேலியையே அதன் தொடக்கமாகச் சொன்னார்.

ஏன் கண்ணில் படுவதில்லை

கோளாறைக் கண்டறியும் கருவிகள் பெண்களை மனதில் வைத்து உருவானவை. 2013 வரை அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் அனோரெக்சியாவுக்கான (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் கோளாறு) அளவுகோல்களில் மாதவிலக்கு நிற்பதும் ஒன்று. ஆண்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. உண்ணுதல் கோளாறைச் சலித்தெடுக்கும், ஐந்து கேள்விகள் கொண்ட ஸ்காஃப் வினாத்தாள் 1999-இல் வந்தது. வாந்தி, எடை இழப்பு, 'குண்டாக இருக்கிறேன்' என்ற எண்ணம் போன்றவற்றைத்தான் அது தேடுகிறது. "தசை போதவில்லை" என்று தவிக்கும் வீரன் அதில் பெரும்பாலானவற்றுக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். எனவே வினாத்தாளில் தேறினான் என்பதை வைத்து ஒருவனை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் எடை. புலிமியாவிலும், கட்டுப்பாடில்லாமல் அளவு மீறி உண்ணும் கோளாறிலும் எடை இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். தசைப் பெருக்க வெறியில் எடை ஏறிக்கொண்டே போகும். "ஒல்லியாக இல்லையே, அவனுக்கு எப்படி?" என்ற கேள்வியால்தான் பலர் வருடக்கணக்கில் தவறவிடப்படுகிறார்கள்.

எப்போது ஆபத்து கூடுகிறது

ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்த நேரங்களில் கண் கூர்மையாக இருக்கட்டும்:

- நீண்ட காயம். ஓட முடியாதவன் "ஓடவில்லை, அதனால் சாப்பிடக் கூடாது" என்று கணக்குப் போடுவான். எலும்பும் தசையும் ஆறுவதற்கு ஆற்றல் அதிகம் தேவைப்படும் காலம் அது.
- சீசனுக்கு முந்தைய முகாமில் எடை பார்க்கும் நாளுக்கு முன் வரும் வாரங்கள்.
- அணியிலிருந்து நீக்கப்பட்டதும், இளையோர் அணியிலிருந்து பெரியவர் அணிக்கு ஏறும்போதும்.
- ஆடும் இடம் மாறும்போது. "இந்தப் பொசிஷனுக்கு ஐந்து கிலோ ஏற்று" என்பதும் "இறக்கு" என்பதும் ஒரே அளவு ஆபத்து. எப்படி, எவ்வளவு காலத்தில், யார் கண்காணிப்பில் என்று சொல்லாமல் விட்டால் அவன் தனக்குத் தெரிந்த வழியில் செய்வான்.
- ஓய்வு பெற்ற பிறகு. அப்போது பார்க்க அணி மருத்துவர்கூட இருக்க மாட்டார்.

என்ன பார்க்க வேண்டும்

தனி அறிகுறி எதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று நான்கு சேர்ந்து, சில வாரங்கள் நீடித்தால் செயல்படுங்கள்.

அணிச் சாப்பாட்டுக்கு வராமல் காரணம் சொல்வது, ஒரு உணவு வகையை முழுதாக நிறுத்திவிட்டு அதற்கு அலர்ஜி என்று விளக்கம் கொடுப்பது, சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போவது, ஓய்வு நாளில் ரகசியமாகப் பயிற்சி செய்வது, பயிற்சியை ஒருநாள் தவிர்க்கச் சொன்னால் கோபம் வருவது. "சீட் டே" என்ற பெயரில் ஒருநாள் அளவு மீறி உண்டு, மறுநாள் பட்டினி கிடப்பதும் இதில் சேரும். அந்தப் பெயர் இருப்பதாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிசியோ பார்க்க வேண்டியவை வேறு. ஒரே ஆண்டில் இரண்டாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் கீறல்) வந்தால், ஓட்டச் சுமையை மட்டும் விசாரித்து முடித்துவிடாமல் சாப்பாட்டையும் கேளுங்கள். ஆறாத சிறு காயங்கள், அடிக்கடி சளி, எப்போதும் குளிர்கிறது என்பது, காதுக்குக் கீழே கன்ன வீக்கம், விரல் முட்டிகளில் தழும்பு, பல் எனாமல் தேய்மானம் (கடைசி மூன்றும் அடிக்கடி வாந்தி எடுப்பதன் தடயங்கள்). பாலுறவு நாட்டமும் காலையில் இயல்பாக வரும் விறைப்பும் குறைவது ஆண்களில் ஆற்றல் குறைபாட்டின் (செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காத நிலை) முக்கியமான தடயம். கூச்சத்தால் இதை யாரும் கேட்பதில்லை. மருத்துவர் கேட்டே ஆக வேண்டும்.

நாடித்துடிப்பில் ஒரு பொறி இருக்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஓய்வில் துடிப்பு குறைவாக இருப்பது இயல்பு என்பதால், பட்டினியால் குறைந்த துடிப்பையும் "நல்ல இதயம்" என்று எழுதிவிடுவார்கள். முந்தைய சீசனின் பதிவோடு ஒப்பிடுங்கள். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதலில் தராசைச் சரி செய்யுங்கள்

ஒருவனையும் தனியாக அழைத்துப் பேசாமலேயே, பயிற்சியாளர் நாளையே மாற்றக்கூடியது இதுதான்.

எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். சுவரில் எண்களை ஒட்டாதீர்கள். கூடுதல் எடைக்கு அபராதம், தண்டனை ஓட்டம், பட்டப்பெயர் எதுவும் வேண்டாம். 'ஜாலிக்குத்தான்' என்று வைக்கப்படும் பட்டப்பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். அதைச் சிரித்து ஏற்றுக்கொள்கிறவன்தான் பெரும்பாலும் வீட்டில் போய்ச் சாப்பாட்டைத் தள்ளுவான்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க ஒரே நியாயமான காரணம் வியர்வை இழப்பு. அதைத் தனியறையில் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை மட்டும் குறித்தால் போதும். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் 1.25 முதல் 1.5 லிட்டர் திரவம், உணவோடு சேர்த்து. குறைந்தது தண்ணீர், கொழுப்பு அல்ல என்பதை வீரனுக்குச் சொல்லிவிடுங்கள்.

தோல்மடிப்பு அளவு (உடல் கொழுப்பைக் கணிக்கத் தோலைக் கிள்ளி அளப்பது) எடுப்பதாக இருந்தால் பயிற்சி பெற்ற ஒரே நபர், ஒரே நேரம், ஒரே கருவி. சில மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அளப்பவரின் கைப்பிழையே சில மில்லிமீட்டர் வரும், அதை வாராவாரம் விவாதிப்பதில் அர்த்தமில்லை. முடிவு மருத்துவக் கோப்பில் இருக்கட்டும், தேர்வுக் குழுவிடம் போக வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்கவே கூடாது.

பிறகு உணவை அருகில் கொண்டு வாருங்கள். பயிற்சி முடிந்த அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் டிரெஸ்ஸிங் ரூமிலேயே சாப்பாடு இருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்குள் அடுத்த அமர்வு என்றால், முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு சுமார் 0.3 கிராம். இந்தக் கணக்கு சமையலறைக்கும் உணவியல் நிபுணருக்கும்தான். சந்தேகத்துக்குரிய வீரன் கையில் கலோரி செயலியைக் கொடுப்பது நோய்க்கு ஒரு கருவியைக் கொடுப்பது.

பேசும் விதம்

யார் பேசுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அணியைத் தேர்வு செய்கிறவர் பேசினால் "இடம் போய்விடும்" என்ற பயம்தான் பதில் சொல்லும். அவன் நம்பும் பிசியோவோ துணைப் பயிற்சியாளரோ நல்லது. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகும் தேர்வு அறிவிப்புக்கு முந்தைய நாளும் வேண்டாம்.

எடையைப் பற்றியும் உருவத்தைப் பற்றியும் பேச்செடுக்காதீர்கள். "நல்லாத்தானே இருக்க" என்ற பாராட்டுகூட வேண்டாம். கண்டதைச் சொல்லுங்கள்: "கொஞ்ச நாளா டீம் சாப்பாட்டுக்கு நீ வர்றதில்ல. ரெண்டு தடவ தலை சுத்துதுன்னு சொன்ன. எனக்குக் கவலையா இருக்கு. எப்படி இருக்க?" அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மறுப்பு வரும், வரவில்லை என்றால்தான் ஆச்சரியம். வாதிடாமல், "சரி, ஆனா டாக்டர ஒரு தடவ பாத்துடலாம், நானும் கூட வர்றேன்" என்று முடியுங்கள். ஒரு வாரத்துக்குள் நாள் குறியுங்கள். யாரிடமும் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் சொல்வேன் என்றால் போதும். தட்டை எட்டிப் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையைக் கேப்டனிடம் ஒப்படைக்காதீர்கள்.

மருத்துவரிடம் போன பிறகு

பார்க்க வேண்டிய பரிசோதனைகள்: பொட்டாசியம், சோடியம், பாஸ்பேட், மெக்னீசியம், ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி, தைராய்டு, ஈசிஜி. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன். எலும்பு முறிவு வரலாறு இருந்தால் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன். முடிவுகள் இயல்பாக வந்தால் கோளாறு இல்லை என்று பொருளல்ல. டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் ஊசி போட்டுச் சரிசெய்யும் ஆசை வரும். காரணம் ஆற்றல் பற்றாக்குறை என்றால் மருந்து உணவுதான். அந்த ஊசி ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. எடை குறைக்கச் சாப்பிடும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளும் எப்போதும் தடை செய்யப்பட்டவையே. நோயோடு சேர்த்து இடைநீக்கமும் வரலாம். வெகுநாள் மிகக் குறைவாக உண்டவனுக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டாதீர்கள்: பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். உணவைக் கூட்டும் வேகத்தை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், தற்கொலைப் பேச்சு: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சை.

ஆடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், ஆட்டத்தின் முக்கியத்துவம் அல்ல. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2023-இல் வெளியிட்ட ஆற்றல் குறைபாட்டு மதிப்பீட்டு முறையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிலைகள் உண்டு. சிவப்புதான் மிகக் கடுமையான நிலை. இடைப்பட்ட நிலைகளில் குறைத்த சுமையோடு ஆடலாம் என்றால் எழுத்தில் உடன்பாடு போடுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை மருத்துவர், உணவியல் நிபுணர், உளவியலாளர் சந்திப்பு, எது தவறினால் ஆட்டம் நிற்கும். சிகிச்சையில் இருக்கும் காலத்தில் அவனை அணிக் கூட்டங்களிலிருந்து விலக்காதீர்கள். மைதானத்துக்கு வெளியே ஒரு வேலை கொடுங்கள்.

திரும்பி வந்த முதல் சீசனில் அவனுக்கு எடைப் பரிசோதனையே வேண்டாம். தேவையென்றால் மருத்துவர் எண்ணைக் காட்டாமல் பார்த்துக்கொள்வார். அந்த ஆண்டில் அவனுக்குக் காயம் ஏற்பட்டால், பிசியோ வருவதற்கு முன்பே உணவியல் நிபுணருக்குத் தகவல் போகும்படி இப்போதே எழுதி வையுங்கள்.