அஷர் குடும்பம் அழிவதை எந்த இருட்டில் பார்ப்பது?

நெட்பிளிக்ஸில் 2023 அக்டோபரில் வந்த ‘தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்’ எட்டுப் பாகத் தொடர். மருந்துக் கம்பெனி முதலாளி ராட்ரிக் அஷரின் ஆறு பிள்ளைகளும் செத்துப்போனார்கள் என்பதை முதல் பாகத்திலேயே போட்டு உடைத்துவிடுவார்கள். அதனால் யார் சாவார் என்று காத்திருந்து பலனில்லை. பயம் இருப்பதெல்லாம் திரையின் இருண்ட மூலையில்தான். பாழடைந்த வீட்டில் உட்கார்ந்து ராட்ரிக், அரசு வழக்கறிஞர் டூபானிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ நிற்பார்கள். டிவியும் அறையும் சரியில்லையென்றால் அங்கே வெறும் கறுப்புதான்.

முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். திரையில் வெள்ளைக் கோடாக விழும். அதற்காக அறையைக் கும்மிருட்டாக்கவும் வேண்டாம். சாதாரண எல்இடி டிவியில் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரியும், கண்ணும் எரியும். டிவிக்குப் பின்னால், பல்பு நேராகக் கண்ணில் படாதபடி ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டுவிட்டால் கறுப்பு கறுப்பாக நிற்கும்.

பிறகு செட்டிங்ஸ். பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். ‘ஈகோ’ அல்லது ‘பவர் சேவிங்’ ஆனில் இருந்தால் அணையுங்கள். அறை இருண்டதும் திரையையும் மங்கவைப்பது அதுதான். அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள். பழைய சாம்சங்கில் அதன் பெயர் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, புதியதில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. அது ஓடினால் பேய்கூட மெகா சீரியல் மாமியார் மாதிரி நடக்கும். கடைசியாக, ராட்ரிக் பேசும் காட்சியில் நிறுத்திவைத்து பிரைட்னஸை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கறுப்பு சாம்பலாகத் தொடங்கியதும் ஒரு படி இறக்கினால் போதும்.

இருட்டு திட்டுத்திட்டாக, கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் டிவி மேல் குற்றமில்லை. நெட் வேகம் இறங்கியிருக்கும். எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே என்றால் 15 வேண்டும். எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை ஜிபி பிளானை நம்பி உட்கார்ந்தால் பாதி பாகத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். நெட்பிளிக்ஸின் மொபைல் பிளானை டிவியில் போட முடியாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி ஓடினாலும் மோடம் அந்த லைனில் இல்லையென்றால் கதை அங்கேயே நின்றுவிடும். மோடத்துக்குத் தனியாக ஒரு மினி யுபிஎஸ் வைப்பது நல்லது.

மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டில் ஏழு மணிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். பாதி வசனம் தாழ்ந்த குரலில்தான். மதுரை வெக்கையில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் அடிக்க வருவீர்கள். மூன்றில் வைத்துக்கொண்டு சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் மைக் செட் அலறும்போது ஹெட்போன்தான் கதி.

குழப்பம் வருவது பெயர்களில். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரெட்ரிக், டாமர்லேன் இருவரும் முதல் மனைவி ஆனபெல் லீயின் பிள்ளைகள். விக்டரின், நெப்போலியன், கமில், பிராஸ்பெரோ நால்வரும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள். வீட்டில் கூப்பிடும்போது நெப்போலியன் ‘லியோ’, பிராஸ்பெரோ ‘பெர்ரி’, டாமர்லேன் ‘டாமி’ ஆகிவிடுவார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று தடுமாறுவது இங்கேதான். மேடலின் ராட்ரிக்கின் சகோதரி, பிள்ளைகளுக்கு அத்தை. லெனோர் ஃபிரெட்ரிக்கின் மகள். காலமும் முன்னும் பின்னும் தாவும். 1979 காட்சிகளில் ராட்ரிக்காகவும் மேடலினாகவும் வேறு நடிகர்கள் வருவார்கள். எந்தக் காலத்திலும் முகம் மாறாமல் வரும் ஒரு பெண் உண்டு, வெர்னா. அவளை விடாமல் கவனியுங்கள். அவள் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்தையும் தாளில் கலைத்துப் போட்டுப் பாருங்கள். கடைசிப் பாகத்தின் தலைப்பு தெரியும்.

முதல் இரண்டு பாகத்தை ஒரே ராத்திரியில் பாருங்கள். முதலாவது வெறும் நாற்று நடவு. அதோடு நிறுத்தினால் அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். அப்புறம் ராத்திரிக்கு ஒன்று. ஏழையும் எட்டையும் சேர்த்து முடியுங்கள்.

தொடர் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்; அப்பத்தா ஹாலில் படுத்திருந்தால் இரண்டாம் பாகத்தை வேறொரு நாளைக்குத் தள்ளுங்கள். அதில் நிர்வாணம் உண்டு, முடிவும் கொடூரம். பார்த்துக்கொண்டே கறிதோசை சாப்பிட முடியாது. மூன்றாவதில் ஆய்வுக்கூடக் குரங்குகள், நான்காவதில் பூனை. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூலம் எட்கர் ஆலன் போ. அவர் 1839-ல் எழுதிய அஷர் கதையில் இந்தப் பிள்ளைகள் கிடையாது, இரட்டையராகப் பிறந்த ராட்ரிக்கும் மேடலினும்தான். பாகங்களின் தலைப்பெல்லாம் அவருடைய கதை, கவிதைகளிலிருந்து எடுத்தவை. முன்கூட்டியே படித்தால் சாவின் விதம் தெரிந்துவிடும். பாகம் முடிந்ததும் அந்தந்தக் கதையைப் படியுங்கள். காப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.