சவுக்கு நாற்றங்காலில் களைக்கொல்லி: எங்கே தெளிக்கலாம், எங்கே கூடாது

சென்னைக்குத் தெற்கே கடலோர மணற்பாங்கான நிலங்களில் புதிதாகச் சவுக்கு நாற்றங்கால் போடுவோர் சிலர், பைன் நாற்றுகளுக்கான களைக்கொல்லிப் பரிந்துரைகளையே பின்பற்ற நினைக்கிறார்கள். அது கூடாது. பைன் உண்மையான ஊசியிலை மரம். அதன் நாற்றுகள் ஆக்சிபுளோர்பென் போன்ற மருந்தைத் தாங்குவதால்தான் அங்கே பாத்தியின் மேலேயே தெளிக்கிறார்கள். சவுக்கோ பூக்கும் தாவரம். அதில் ஊசி போலத் தெரிபவை பச்சை நிறச் சிறு கிளைகளே. மெய்யான இலைகள் அவற்றின் கணுக்களில் செதில்களாக ஒடுங்கியிருக்கின்றன. ஆகவே பைன் தாங்கும் மருந்தைச் சவுக்கும் தாங்கும் என்று நம்ப முடியாது; விதைப்புக்கு முன்பும் பாத்திகளுக்கு வெளியிலும் மட்டுமே மருந்தைப் பயன்படுத்துங்கள்.

விதைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி, கோரையையும் அருகையும் சாரணையையும் தழைக்க விடுங்கள். கோரை நன்றாக இலை விட்டு, பூக்கத் தொடங்கும் முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தால், மருந்து இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை சென்று சேரும். அவசரப்பட்டு மறுநாளே கொத்தினால் கிழங்கு தப்பிவிடும் என்பதால், இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரிலுள்ள களிமண் துகள்களில் இம்மருந்து ஒட்டிக்கொண்டு வீரியம் இழப்பதால், தெளிந்த நீரில், லேபிளில் குறித்த அளவிலேயே கலக்குங்கள். கிளைபோசேட் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் என வரையறுத்து மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. எனவே வாங்கும் முன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நடப்பு விதியைக் கேட்டறிவது அவசியம்.

விதையை முளைக்கவைக்கும் தாய்ப்பாத்தியில் களைக்கொல்லியே வேண்டாம். சவுக்கு விதை மிகச் சிறியது, மண்ணின் மேல்மட்டத்திலேயே முளைப்பது. களை விதைகளின் முளைப்பைத் தடுக்கும் பென்டிமெத்தலின் அதையும் விட்டுவைக்காது. பாத்தி ஈரமாக இருக்கும்போது களையைக் கையால் பறித்தால் நாற்றின் வேர் அதிகம் அசையாது. நாற்றுகளை வளர்க்கும் பைகளில் நிரப்பும் மண் கலவைக்கு நன்கு மக்கிய தொழு உரத்தையே சேர்க்க வேண்டும்; அரைகுறையாக மக்கிய சாணத்தோடு களை விதைகளும் வந்துவிடும்.

பாத்திகளுக்கு இடையிலுள்ள நடைபாதைகளில் தெளிக்கும்போதுதான் கன்றுகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. தெளிப்பு முனைக்கு மூடி பொருத்தி, குறைந்த அழுத்தத்தில், பெரிய துளிகளாக விழும்படி, கடற்காற்று எழுவதற்கு முன் காலையிலேயே தெளித்து முடியுங்கள். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் இருக்கட்டும். அதைக் கழுவிய நீரைக் கிணற்றருகே ஊற்றாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். விழுங்கினால் முறிவு மருந்தே இல்லாத பாராகுவாட் என்ற களைக்கொல்லியை, விலை குறைவு என்று யார் சொன்னாலும், நாற்றங்காலுக்குள் கொண்டுவராதீர்கள்.