போர்டு படித்தே சிலபிள் பழகலாம்: ஆங்கில உயிரொலி, மெய்யொலி அறிமுகம்

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆங்கிலம் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்லித்தருவது இலக்கணம் அல்ல, சிலபிள். அதாவது, ஒரு உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு. அது பிடிபட்டால் எவ்வளவு நீளமான சொல்லையும் உடைத்து வாசித்துவிடலாம். பயிற்சிக்கு நம்ம பக்கத்து போர்டுகளில் உள்ள பெயர்களே போதும்: பேசின் பிரிட்ஜ், மின்ட், ஸ்டான்லி, டோல்கேட், ஹார்பர்.

படி 1: எழுத்து வேறு, ஒலி வேறு

ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று உயிரெழுத்து 5தான். ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் சுமார் 20, மெய்யொலிகள் 24. காற்று வாயில் எங்கும் தடைபடாமல் வந்தால் உயிரொலி. உதடோ நாக்கோ பல்லோ குறுக்கே வந்தால் மெய்யொலி. ஒய் என்ற எழுத்து இரண்டு வேலையும் பார்க்கும்: 'யெஸ்' சொல்லும்போது மெய், 'ஸ்டான்லி' முடியும் இடத்தில் உயிர்.

எம்எல்ஏ-வுக்கு முன்னால் 'ஆன்' போடுவதும் யுனிவர்சிட்டிக்கு முன்னால் 'ஏ' போடுவதும் இதனால்தான். முதல் எழுத்து எதுவானாலும் முதல் ஒலிதான் கணக்கு.

படி 2: உயிரொலியை எண்ணுங்கள்

ஒரு உயிரொலிக்கு ஒரு சிலபிள். டோல்கேட்டை ஆங்கிலத்தில் எழுதினால் ஓ, ஏ, ஈ என்று மூன்று உயிரெழுத்து வரும். கடைசி ஈ ஒலிக்காது. ஆக, 2 சிலபிள். பிரிட்ஜிலும் அதே கதை, 1தான். ஹார்பரில் ஓவும் யூவும் சேர்ந்து ஒரே ஒலி, அதனால் 2.

யாப்பில் படித்த நேரசை, நிரையசைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். நிரையசையில் இரண்டு உயிர் வரும், சிலபிளில் ஒன்றுதான்.

படி 3: முன்னால் இ, பின்னால் உ

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் கடைசியில் நிற்காது. அந்தப் பழக்கத்தில் நாக்கு தானாகவே ஒரு உயிரைச் சேர்த்துவிடுகிறது. ஸ்டான்லி 'இஸ்டான்லி' ஆகிறது, 2 சிலபிள் 3 ஆகிறது. மின்ட் 'மின்ட்டு', பஸ் 'பஸ்ஸு': 1 சிலபிள் 2 ஆகிறது. நமக்குள் பேசும்போது 'பஸ்ஸு' நல்ல தமிழ்தான், அதை மாற்றவே வேண்டாம். ஆங்கிலம் வாசிக்கும்போது மட்டும் கவனம்.

பல வகுப்புகளில் கைதட்டி எண்ணச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'பஸ்ஸு' என்று சொல்கிற பிள்ளை இரண்டு தடவைதான் தட்டும். அதற்குப் பதிலாக இரண்டு விரலைத் தொண்டையில் வையுங்கள். பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள். தொண்டை அதிராது. இழுத்துக்கொண்டே 'டான்லி'க்குப் போங்கள். முதலிலேயே அதிர்ந்தால் 'இ' நுழைந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது 'பஸ்' சொல்லுங்கள். நடுவில் அதிரும், கடைசியில் வெறும் காற்று மட்டும் வர வேண்டும். திரும்பவும் அதிர்ந்தால் அது 'உ'. பிரிட்ஜுக்கு இது சரிவராது, ஏனென்றால் 'ஜ்' என்ற ஒலிக்கே தொண்டை அதிரும். அதற்குத் தாடைக்கடியில் கையை வைத்துப் பாருங்கள்: ஒரு தடவைதான் இறங்க வேண்டும்.

படி 4: அழுத்தமும் தளர்வும்

பனானா என்ற சொல்லில் ஏ மூன்று தடவை வருகிறது. நடுவில் உள்ளதை மட்டும் அழுத்திச் சொல்லி, முன்னும் பின்னும் உள்ளதை வாயைப் பெரிதாகத் திறக்காமல் தளர்வாக விட வேண்டும். இந்தத் தளர்ந்த ஒலிக்குப் பெயர் ஷ்வா. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஹார்பரின் இரண்டாவது சிலபிளும் ஷ்வாதான்.

எந்த அகராதி?

கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தைத்தான் நான் சொல்வேன். இலவசம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். சாய்கோடுகளுக்குள் உள்ள உச்சரிப்பில் சிலபிள்களுக்கு நடுவே புள்ளி இருக்கும், அழுத்த வேண்டிய சிலபிளுக்கு முன்னால் மேலே சின்னக் கோடு இருக்கும், ஷ்வாவுக்குத் தலைகீழ் ஈ. சில அகராதிகள் சொல்லின் நடுவிலேயே புள்ளி வைத்திருக்கும். அது வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான புள்ளி, சிலபிள் கணக்கோடு எப்போதும் பொருந்தாது.

பின்சேர்க்கை: "டேபிள் என்ற சொல்லில் கடைசி ஈ ஒலிக்காது என்றால் 1 சிலபிள்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, 2. பி, எல் இரண்டுக்கும் நடுவே எழுத்தில் இல்லாத ஒரு ஷ்வா ஒலிக்கிறது. பாட்டில், லிட்டில், சிங்கிள் எல்லாம் இதே வகை.

இன்னொருவர் 'ஃபயர்' ஒன்றா, இரண்டா என்றார். ஆங்கிலேயர்களே இதை இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் சொன்னாலும் திருத்தாதீர்கள்.