மலை வீடு விற்காமல் நின்றபோது

பனிச்சறுக்கு மலையில் இருந்த எங்கள் வீட்டைச் சீசனில் நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். ஆனால் பேச்சு முன்பணம் வரை போய் நின்றுவிடும். விலையைக் குறைக்கச் சொன்னார் தரகர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்வாங்கியவர்களிடமே கேட்டேன். பனி மூடிய கூரையையும் வடிகாலையும் நம்பிப் பணம் போட அவர்களுக்குத் தயக்கம்.

சரி, பனி உருகட்டும் என்று காத்திருந்து, கூரை, அஸ்திவாரம், குழாய்கள் எல்லாவற்றையும் வல்லுநரை வைத்துச் சோதித்து அறிக்கை வாங்கினேன். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆளில்லாத வீட்டில் குழாய் வெடிப்பதற்கு அந்த அழுத்தம்தான் காரணம். அதனால் ஆண்டுதோறும் குழாய்களைக் காலிசெய்து மூடியதற்கான ரசீதுகளையும் சேர்த்தேன். அப்புறம் பொதுப் பராமரிப்புக் கட்டணக் கணக்கு, சாலையில் பனி அகற்றுவது யார் பொறுப்பு என்ற விவரம். வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விட எங்களுக்கிருந்த உரிமம், வீட்டை வாங்குபவருக்குத் தானாக மாறாது என்பதையும் எழுதிவைத்தேன். வாடகை வருமானத்தை நம்பி வருபவர் பத்திரப்பதிவு நேரத்தில் ஓடுவதைவிட முதலிலேயே விலகுவது மேல்.

கோடைப் படங்களோடு, அடுத்த சீசனுக்கு முன்பே விளம்பரம் கொடுத்தோம். வாங்கியவர் பேரம் பேசினார்தான், அதுவும் பழைய சோபாவை விட்டுப்போவது பற்றி.