சமயவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ராமநாதபுரம் கரையிலிருந்து

ஆய்வேடு எழுதும் பருவம் வந்துவிட்டால் சமயவியல் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிடுவார்கள். ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம், ஓரியூர், ராமேஸ்வரம். சிலரோடு நானும் கூடப் போவேன், சிலருடைய வரைவை வாசித்துத் திருத்திக் கொடுப்பேன். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் வகுப்பே செய்த தவறுகள்தான் இப்போதும் புது நோட்டுகளில் வருகின்றன. செருப்பு, உடை, கேட்காமல் படம் எடுப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ராமர் வைத்ததுதானா?" என்று ஆரம்பிப்பது

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் நிற்கின்றன. ராமர் நவக்கிரகங்களாக வைத்து வழிபட்டார் என்பது தலமரபு. பக்தியுள்ள மாணவர் அதை நிரூபிக்கக் கிளம்புகிறார், பகுத்தறிவு பேசும் மாணவர் மறுக்கக் கிளம்புகிறார். இரண்டு பேரும் ஒரே கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அது இந்தப் பாடத்தின் கேள்வி இல்லை.

1967-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், ஒரு சமயத்தை ஏழு பக்கங்களிலிருந்து பார்க்கச் சொன்னார்: சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறம், சமூக அமைப்பு, பொருள்கள். இந்த ஏழில் 'உண்மையா பொய்யா' என்று ஒரு பக்கம் கிடையாது. உங்கள் நம்பிக்கையை விடச் சொல்லவில்லை, அதைத் தீர்ப்பு எழுதும் பேனாவாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். திதி கொடுக்க யார் வருகிறார்கள், எந்தக் குடும்பத்துக்கு யார் செய்து வைக்கிறார்கள், தண்ணீர் ஏறியிருக்கும்போது எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தாலே பத்துப் பக்கத்துக்குச் செய்தி கிடைக்கும்.

நூலைப் படித்துவிட்டு ஊரையும் படித்துவிட்டதாக நினைப்பது

இஸ்லாம் பற்றிய ஓர் அறிமுகப் புத்தகத்தை முடித்துவிட்டுக் கீழக்கரைக்கு வருகிறார்கள். பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்ததும், "இது முன்னால் கோயிலாக இருந்திருக்க வேண்டும்" என்று குறிப்பு எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கரையின் கட்டடக்காரர்களுக்குத் தெரிந்த கல்வேலை இது. கடல் வணிகம் செய்த முஸ்லிம்களான மரக்காயர்கள் பள்ளி கட்டியபோதும் அந்த உளிதான் பேசியது. நபிகள் வாழ்க்கையைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் திறந்தாலும் இதே கதைதான். அரபு நாட்டில் மழை பெய்து, ஆறு பெருகி, வயல் விளைகிறது. தமிழ்க் காப்பியத்துக்கு நாட்டு வளம் சொல்லும் நாட்டுப்படலம் எப்படி வேண்டுமோ அப்படியே பாடியிருக்கிறார். இதை வாசிக்காமல் கீழக்கரை இஸ்லாத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

'மத நல்லிணக்கம்' என்று எழுதி முடித்துவிடுவது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனநோய் தீர வேண்டி வந்து தங்கும் ஏர்வாடி தர்காவுக்கு முஸ்லிம்களைப் போலவே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். இதைப் பார்த்த அன்றே பாதி மாணவர்களுக்கு முடிவுரை தயாராகிவிடுகிறது: "ஏர்வாடி மத நல்லிணக்கத்தின் சின்னம்." அப்புறம் அவர்கள் கேட்கும் கேள்வியெல்லாம் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி தேடும் கேள்விதான். "எல்லா மதமும் ஒன்றுதானே அம்மா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

ஒரு மாணவர் இப்படித்தான் முழு ஆய்வேட்டையும் முடித்துக்கொண்டு வந்தார். நல்ல உழைப்பாளி. வரைவை வாசித்தேன், அதில் ஒன்றுமே இல்லை. சரி, களக் குறிப்பேட்டைக் கொடுங்கள் என்று வாங்கிப் புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்த தாளில், முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து தம்பியோடு வந்து தங்கியிருந்த ஓர் அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்:

"எங்க கொலசாமி கையை விரிச்சிருச்சு. கோடாங்கிதான் ஏர்வாடிக்குப் போகச் சொன்னாரு. பாதுஷாகிட்ட வழக்கு வச்சிருக்கோம். கனவுல உத்தரவு வந்தாத்தான் கெளம்பணும்."

ஆய்வேட்டில் இது எங்குமே இல்லை. ஏன் என்று கேட்டால், "மூடநம்பிக்கை மாதிரி இருந்துச்சு, நல்லிணக்கத்துக்குப் பொருந்தலை" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சில வரியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எல்லா மதமும் ஒன்று என்று அந்த அக்கா சொல்லவே இல்லை. குலசாமிக்கு ஓர் எல்லை, தர்காவில் அடங்கியிருக்கும் பாதுஷாவுக்கு ஓர் அதிகாரம் என்று தெளிவாகப் பிரிக்கிறார். ஓர் இடத்தில் தீராத வழக்கு இன்னோர் இடத்துக்குப் போகிறது, அனுப்பி வைப்பவர் குறி சொல்லும் கோடாங்கி. தீர்ப்பு கனவில் வருகிறது. அதுவரை ஊருக்குத் திரும்ப முடியாது, வேலை போகிறது, கையிருப்பு கரைகிறது. ஆய்வு இங்கே இருக்கிறது. 'நல்லிணக்கம்' என்ற வார்த்தை இத்தனையையும் மூடிவிடுகிறது. அது நாம் தரும் பாராட்டு. ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

இன்னொரு கேடும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பிறகு தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் என்று அரசு மனநல சேவை வந்தது. ஏர்வாடியின் சமய வாழ்வைப் பற்றி எழுதிவிட்டு இதை ஒரு வரி கூடச் சொல்லாத ஆய்வேடுகளை நான் வாசித்திருக்கிறேன். சின்னம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்த இடத்தில் வலி இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் கொடைகளையும் இதே கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறார்கள். கோயிலுக்கும் கொடுத்தார்கள், பள்ளிவாசலுக்கும் கொடுத்தார்கள், ஆகவே சகிப்புத்தன்மை என்று முடித்துவிடுகிறார்கள். மரக்காயர் கப்பல்கள் இல்லாமல் சேது நாட்டுக்குக் கடல் வருமானம் ஏது? கொடை என்பது உறவு, அரசியல், வணிகம், பக்தி எல்லாம் சேர்ந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

அப்படியானால் என்ன செய்வது? தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்குப் போனால், கூட்டமாக எல்லோரும் வந்தார்கள் என்று எழுதாமல் கூடு கட்டுவது யார், பந்தம் பிடிப்பது யார், முதல் மரியாதை யாருக்கு, அதில் எப்போதாவது தகராறு வந்ததா என்று கேளுங்கள். தர்காவின் பரம்பரை உரிமைக்காரர்களான ஹக்தார்களிடம் கேளுங்கள், வாசலில் மல்லிகைப்பூ விற்பவரிடமும் கேளுங்கள். தர்காவில் நேர்ச்சை செய்வதே கூடாது என்று சொல்லும் முஸ்லிம்களும் இதே கரையில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சையும் அதே மரியாதையோடு பதிவு செய்யுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, நல்லிணக்கம் என்ற சொல் இன்னும் தேவைப்பட்டால் அப்போது எழுதுங்கள்.

அந்த மாணவருக்கு ஓர் ஆண்டு வீணானது. வாய்மொழித் தேர்வில், "இதில் உங்கள் கண்டுபிடிப்பு எது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அக்காவின் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இரண்டாவது தடவை எழுதியது அருமையான ஆய்வேடு.

ஒரு தரப்புக் கடிதத்தையே வரலாறாக எடுத்துக்கொள்வது

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். போர்ச்சுகலிலிருந்து வந்த சேசு சபைத் துறவி, 1947-இல் புனிதர் பட்டம் பெற்றவர். மாணவர்கள் துறவிகளின் கடிதங்களை மட்டும் வாசித்துவிட்டு, இந்து அரசன் கிறிஸ்தவப் புனிதரைக் கொன்றான் என்று எழுதுகிறார்கள். கடிதங்கள் மதிப்புள்ளவைதான், ஆனால் ஐரோப்பாவிலிருந்த மேலாளர்களும் அன்பர்களும் வாசிப்பதற்காக எழுதியவை. இந்தப் பக்கத்தையும் பாருங்கள்: அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் சேதுபதி பட்டத்துக்கு உரிமை கோரக்கூடியவர். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அவர் விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அப்போது ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அரண்மனைக்குள் இது எப்படிப்பட்ட அவமானம் என்று மறவர் சீமையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருளானந்தரின் பக்தியை இது குறைத்துவிடாது. அவர் சாவுக்கு ஒரே காரணம் எழுதுகிறவர்தான் அவரைச் சின்னதாக்குகிறார்.

திருவிழாவுக்கு மட்டும் வருவது

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கு உத்தரகோசமங்கைக்கும் எல்லாரும் வருகிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையும் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பாம்பன் தங்கச்சிமடம் பக்கம் ஆட்கள் கரையில் இருப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் அவை. டீக்காசையாவது நீங்கள் கொடுங்கள்.

உங்கள் மதத்தை மறைப்பது

கேட்டால் சொல்லிவிடுங்கள்.

முதல் நாளே உண்டியல் கணக்கு விசாரிப்பது

வேண்டாம்.

பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பது

ஏர்வாடியில் தங்கியிருப்பவர்களைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றுவது பத்தாது. ஊர், தொழில், உடன் வந்த உறவு மூன்றும் சேர்ந்தாலே சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வீட்டில் நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு எடுக்க வேண்டியிருக்கும். எந்த விவரம் இல்லாமலும் உங்கள் வாதம் நிற்குமோ அதை எடுத்துவிடுங்கள். குறிப்பேட்டின் மூலத்தை நெறியாளரிடம் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.