விவாகரத்துக்குப் பிறகு வரும் தாபரிப்புக் காசு போதவில்லையா? கூட்டிக் கேட்பது இப்படித்தான்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன் கோட்டில் விதித்த மாதக் காசு இன்றைக்கு எந்த மூலைக்குக் காணும்? அது தானாக ஏறாது, நீங்கள் போய்க் கேட்க வேண்டும். கேட்க வழி இருக்கிறது: குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்தோடு கொடுத்த கட்டளையை மாவட்ட நீதிமன்றம் பிறகும் கூட்டலாம். குறைக்கவும் நிறுத்தவும் கூட அதே பிரிவுதான், அதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

முதல் வேலை, பழைய வழக்கு இலக்கம். மட்டக்களப்போ கல்முனையோ, விவாகரத்துத் தந்த அதே நீதிமன்றத்தின் பதிவகத்தில் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். பிள்ளைக்கு நீதவான் கோட்டில் தனியாகக் கட்டளை இருந்தால் அதைக் கூட்டக் கேட்பது அந்த நீதவான் கோட்டில்தான். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பிரிந்தவர்களுக்குக் காதி நீதிமன்றம், அது வேறு பாதை.

அடுத்தது செலவுக் கணக்கு. வழக்கின் உயிரே இதுதான், ஆனால் பலபேர் "சாமான் விலை கூடிட்டு" என்ற ஒரு வரியோடு போய் நிற்கிறார்கள். ஒரு கொப்பியை இரண்டாகப் பிரித்து, தீர்ப்பு வந்த நேரத்துச் செலவை ஒரு பக்கமும் இப்போதையதை மறுபக்கமும் எழுதுங்கள்: வீட்டு வாடகை, கரண்ட் பில், மருந்து. சீனி வருத்தம் பிறகு வந்ததென்றால் கிளினிக் கொப்பியும், வெளியே பாமசியில் வாங்கின, சீனி அளவு பார்க்கிற ஸ்ட்ரிப் பெட்டியின் பில்லும் சேர்ந்து வரட்டும். தையல் மாதிரி உங்களுக்கு ஏதும் வருமானம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்றக் கணக்கையும் நம்பமாட்டார்கள்.

முன்னாள் கணவருடைய வருமானம்? அரச உத்தியோகம் என்றால் லேசு, சம்பள விபரத்தைக் கோட்டு மூலம் கேட்பிக்கலாம். வயல்காரர் என்றால் மாதச் சம்பளம் இல்லையென்று கை விரிப்பார். பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்கும் எத்தனை ஏக்கர் செய்கிறார் என்பதைக் கமநல சேவை நிலையப் பதிவிலிருந்து எடுக்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சரி, இப்போது விண்ணப்பம். சட்டத்தரணி எழுதுவார், கூடவே உங்கள் சத்தியக்கடதாசி, சமாதான நீதவான் முன் கையெழுத்து. வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள்; வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் கையில் இருந்தால் நல்லது.

பிறகு அவருக்கு அறிவித்தல் போகும், ஆட்சேபனை வரும், விசாரணை நடக்கும். இடையில் "கோட்டுக்கு வெளியே பேசித் தீர்ப்போம்" என்று மாமாவோ மச்சானோ வருவார்கள். பேசுங்கள், ஆனால் ஒத்துக்கொண்ட தொகையை வழக்கேட்டில் பதிவுசெய்தால்தான் பிறகு அவர் தராவிட்டால் அறவிடக் கேட்கலாம்.